இதயத்தின் அலைவரிசையில் ஒரு மோட்டார்

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. மயிலம் முருகன், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் அலங்கரித்த வண்டிகளில் தீர்த்தவாரிக்கு வந்து சேர்கின்றன. சாமி வண்டியோடு ஜெனரேட்டர் வரும். ஜெனரேட்டரிலிருந்து ஒயர் ஓடும். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் நெஞ்சு அதிர முழங்கும். போலீஸ்காரர் கையில் வாக்கி டாக்கி, மற்ற எல்லார் கையிலும் கைபேசி. காந்தப் புலமும் ரேடியோ அலையும் இவ்வளவு நெருக்கமாக ஒன்றாகக் கூடும் இடம் புதுச்சேரியில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட ஒருவர் இந்தக் கூட்டத்துக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஸ்பீக்கர் பெட்டியில் மார்பைச் சாய்த்துக்கொண்டு நிற்காமல் இருந்தால் போதும். சாமி பார்த்துவிட்டு வீடு திரும்பி, கொல்லைப்புறத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மோட்டார் சுவிட்சைப் போடுகிறாரே, கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஆபத்து சின்னதாகவும், யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று பெரியதாகவும் இருப்பது ஏன் என்பதைத்தான் இந்த அத்தியாயம் பேசப்போகிறது.

பேஸ்மேக்கர் என்றதும் இதயத்தைத் தட்டித் தட்டி ஓட்டும் கருவி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் பொழுதில் பெரும்பகுதி கேட்பதில்தான் கழிகிறது. தோளெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு டைட்டானியப் பெட்டி. அதிலிருந்து புறப்படும் மெல்லிய ஒயர் ரத்தக்குழாய் வழியே போய் இதயத்தின் வலது கீழறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இதயம் தானாகத் துடித்தால் அந்த ஒயர்நுனியில் 5 முதல் 15 மில்லிவோல்ட் வரை ஒரு சமிக்ஞை எழும். டார்ச் பேட்டரி தரும் 1.5 வோல்ட்டில் அது நூற்றில் ஒரு பங்கு, சமயத்தில் அதைவிடவும் குறைவு. கருவி அதைக் கேட்டுவிட்டால் சும்மா இருக்கும். குறித்த நேரத்துக்குள் கேட்கவில்லை என்றால்தான் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குச் சில வோல்ட் துடிப்பை அனுப்பி இதயத்தை எழுப்பும்.

முதல் கருவிகளுக்கு இந்தக் காது இல்லை. 1950களில் இதயத்தைத் தூண்டும் கருவிகள் சுவர் பிளக்கில் செருகி ஓட்டப்பட்டவை. அமெரிக்காவின் மினியாபொலிஸில் வால்டன் லில்லிஹை என்ற அறுவை மருத்துவர், இதய அறுவை செய்த குழந்தைகளை அப்படிப்பட்ட கருவிகளில் வைத்துக் காப்பாற்றிவந்தார். ஒயர் எட்டும் தூரம்தான் அந்தக் குழந்தைகளின் உலகம். 31 அக்டோபர் 1957 அன்று நகரத்தில் கரண்ட் போனது. ஒரு குழந்தை இறந்தது. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஏர்ல் பாக்கனிடம் லில்லிஹை பேட்டரியில் ஓடும் கருவி கேட்டார். மின்னணு இதழ் ஒன்றில் வந்திருந்த மெட்ரோனோம் சுற்றைப் பாக்கன் எடுத்துக்கொண்டார். இசை பழகுபவர்களுக்குத் தாளம் தட்டும் சுற்று அது. சில வாரங்களில் கையடக்கமான டிரான்சிஸ்டர் பெட்டி தயார். மெட்ரானிக் நிறுவனம் வளர்ந்தது இந்தப் பெட்டியிலிருந்துதான். மின்வெட்டு நமக்குப் புதிதல்ல என்பதால் இந்தக் கதை எனக்குத் தூரத்து நாட்டுக் கதையாகவே தோன்றியதில்லை.

மறு ஆண்டு, 8 அக்டோபர் 1958 அன்று, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங்கும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டும் செய்த கருவி ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் வைக்கப்பட்டது. முழுக்க உடலுக்குள்ளேயே இருக்கும் முதல் பேஸ்மேக்கர் அது. சில மணி நேரமே ஓடியது. லார்சன் அதற்குப் பிறகு 43 ஆண்டுகள் இருந்தார். அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 86 வயதில் இறந்தார்.

அந்தக் காலத்துக் கருவி தன் பாட்டுக்குத் துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். இதயம் தானாகத் துடிக்கிறதா என்று பார்க்காது. அதனால் பக்கத்தில் எந்த மோட்டார் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் இதயம் ஒரு துடிப்பை முடித்து ஓய்வெடுக்கும் நொடியில் வெளித்துடிப்பு வந்து மோதினால் தாளமே குலைந்துபோகலாம். அதைத் தவிர்க்கத்தான் 1960களில் பரூ பெர்கோவிட்ஸ் கேட்டுத் தெரிந்துகொண்டு தேவைப்படும்போது மட்டும் துடிக்கும் கருவியை வடிவமைத்தார். கேட்கத் தொடங்கிய நாளிலேயே தவறாகக் கேட்கும் சாத்தியமும் வந்து சேர்ந்தது. இரண்டையும் பிரிக்க இன்றுவரை வழி கிடைக்கவில்லை.

தவறாகக் கேட்டால் என்ன ஆகும் என்பது எந்தக் கருவி என்பதைப் பொறுத்தது. பேஸ்மேக்கர் வெளிச்சத்தத்தை இதயத்துடிப்பு என்று எடுத்துக்கொண்டால் வாயை மூடிக்கொள்ளும். முழுக்க அதை நம்பியே இருக்கும் இதயம் அந்தச் சில நொடிகள் நிற்கும். ஆள் கண் இருண்டு விழுவார். ஐசிடி என்ற இன்னொரு கருவி வேறு ரகம். அது 1980இல் மிஷேல் மிரோவ்ஸ்கியின் குழுவால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக மனிதருக்குள் வைக்கப்பட்டது. இதயம் கட்டுமீறித் துடிதுடித்து ரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் போகும்போது உள்ளிருந்தே ஷாக் கொடுத்து ஆளைப் பிழைக்கவைக்கும். அந்த ஆபத்தான துடிதுடிப்பின் சமிக்ஞை மிக மெல்லியதாகவும் இருக்கலாம் என்பதால் ஐசிடியின் காதை மிகக் கூர்மையாக, ஏறக்குறைய 0.3 மில்லிவோல்ட்டுக்கே கேட்கும்படி வைக்கிறார்கள். அது வெளிச்சத்தத்தைக் கேட்டு ஏமாந்தால் சும்மா இருக்காது. நல்ல நினைவோடு நிற்கும் மனிதரின் நெஞ்சுக்குள் சுமார் 800 வோல்ட்டைப் பாய்ச்சும்.

சரி, எந்தச் சத்தம் ஏமாற்றும்?

எல்லாரும் முதலில் சொல்வது கைபேசி, அடுத்துச் செல்போன் டவர். குப்பத்து வீட்டு மாடியில் டவர் வைக்க வந்தால் எதிர்ப்பு கிளம்பும். அந்த எதிர்ப்பில் பேஸ்மேக்கர் பேச்சும் ஒரு வரியாவது இருக்கும். இதயத்தின் துடிப்புச் சமிக்ஞை நொடிக்குச் சில பத்து அதிர்வுகள் கொண்டது. கைபேசி அலையோ நொடிக்குத் தொண்ணூறு கோடி அதிர்வுகளும் அதற்கு மேலும். இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது வேண்டாததை வடிகட்டுவது பொறியாளருக்குச் சுலபம். டைட்டானியப் பெட்டிக்குள் ஒயர் நுழையும் வாசலிலேயே சின்ன மின்தேக்கி ஒன்றை வைத்தால் உயர் அதிர்வெண் உள்ளே வராது.

ஆனாலும் 1990களின் கைபேசிகள் தொல்லை கொடுத்தது உண்மை. அதற்குக் காரணம் அலையின் அதிர்வெண் அல்ல, அந்த அலை விட்டுவிட்டு வந்த தாளம். ஜிஎஸ்எம் கைபேசி நொடிக்கு 217 தடவை துண்டு துண்டாக அலையை அனுப்பும். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த இன்னும் மெதுவான தாளத்துக்கு இறங்கும். நொடிக்கு இரண்டு துண்டு வந்தால் அது இதயத்துடிப்பின் வேகமேதான். 1997இல் அமெரிக்காவில் 980 பேரைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், ஐந்து வகைக் கைபேசிகளைக் காதிலும் கருவிக்கு மேலேயும் வைத்துப் பார்த்தபோது ஐந்தில் ஒரு சோதனையில் ஏதோ ஒரு குழப்பம் தெரிந்தது. காதில் வைத்துப் பேசியபோது மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்க குழப்பம் எதுவும் இல்லை. கருவிக்கும் கைபேசிக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி என்ற அறிவுரை அந்தக் காலத்தது. வடிகட்டிகள் வந்த பிறகு பிரச்சினை வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் ஊரில் அந்த அறிவுரைக்கு இன்றும் ஒரு வேலை உண்டு: பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது பக்கம் வைக்கிறார்கள், நம் சட்டைப் பையும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

2021இல் புதுத் தொல்லை ஒன்று வந்தது. ஐபோன் 12இன் முதுகில் சார்ஜருக்காக ஒரு காந்த வளையம் இருந்தது. அமெரிக்க மருத்துவர்கள் அதை ஐசிடி வைத்திருந்த ஒருவரின் மார்பில் கொண்டுபோனதும் கருவி ஷாக் கொடுக்கும் வேலையை நிறுத்திக்கொண்டது. காந்தத்தைக் கண்டால் இப்படி நடந்துகொள்ளும்படி வேண்டுமென்றேதான் கருவிகளைச் செய்திருக்கிறார்கள். அறுவை மேசையில் மின்கத்தி வேலை செய்யும்போது மருத்துவர் மேலே ஒரு காந்தத்தை வைத்துக் கருவியை அடக்க இதுவே வழி. ஏறக்குறைய 10 காஸ் புலம் அதற்குப் போதும். மாசி மகத்து ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தமும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் மிகக் கிட்டே போனால் மட்டும். காந்தத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு முழம் தள்ளி நின்றால் அது ஒன்றும் செய்யாது.

இப்போது நம் வீட்டு மின்சாரத்துக்கு வருவோம். புதுச்சேரி மின்துறை நமக்குத் தருவது நொடிக்கு 50 சுழற்சியாகத் திசைமாறும் 230 வோல்ட். நொடிக்கு 50 என்பது இதயத்தின் சமிக்ஞை இருக்கும் அதே வட்டாரம். கைபேசி அலையை வடிகட்டியதுபோல இதை வடிகட்டிவிட முடியாது. வடிகட்டினால் இதயத்தின் குரலிலும் ஒரு பகுதி சேர்ந்து போய்விடும். இருந்தாலும் சுவருக்குள் ஓடும் ஒயரும், மிக்சியும், டிவியும், பிரிட்ஜும் சாதாரணமாக ஒன்றும் செய்வதில்லை. காற்றின் வழியே மார்புக்கு வந்துசேரும் புலம் அவ்வளவு சிறியது. வாசல் தாண்ட வேண்டுமானால் அந்த மின்சாரம் உடம்புக்குள்ளேயே ஓட வேண்டும்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐசிடி வைத்துக்கொண்ட ஒருவர் ஈரக் கையால் மோட்டாரின் இரும்பு உடலைத் தொடுகிறார். கை வழியே நுழைந்து கால் வழியே தரைக்கு 1 மில்லியாம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பலருக்கு அது விரலில் லேசான கூச்சம், சிலருக்கு அதுகூட இல்லை. மார்பின் குறுக்குப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர், தசையும் ரத்தமும் நுரையீரலும் சேர்ந்த உடம்பின் கடத்துதிறன் மீட்டருக்குக் கால் சீமென்ஸ். கணக்கு முடிவில் மார்புக்குள் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.7 மில்லிவோல்ட் வித்தியாசம் எழுகிறது. ஒயர்நுனியில் கேட்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே இடைவெளி ஒன்றிரண்டு சென்டிமீட்டர். ஐசிடியின் காதுக்கு 0.3 போதும் என்று மேலே சொன்னேன். கைக்குத் தெரியாததை நெஞ்சுக்குள் இருக்கும் பெட்டி தெரிந்துகொள்கிறது.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். உயிர்காக்கும் என்று வீடுகளில் மாட்டும் ஆர்சிசிபி, அதாவது கடைக்காரர் பழக்கத்தில் ஈஎல்சிபி என்று கேட்டு வாங்கும் சுவிட்ச், 30 மில்லியாம்பியர் கசிவுக்குள் கரண்ட்டைத் துண்டிக்கும். மாட்டியே ஆக வேண்டிய சாதனம், சந்தேகமே இல்லை. ஆனால் 1 மில்லியாம்பியரைப் பற்றி அது கவலைப்படாது. அந்த இடைவெளியில் ஐசிடி ஏமாறலாம்.

ஏமாறும் விதம் சுவாரசியமானது. ஒரு துடிப்பைக் கேட்டதும் கருவி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காதை மூடிக்கொள்ளும், ஒரே துடிப்பை இரண்டாக எண்ணாமல் இருக்க. கசிவு மின்சாரம் நிற்காமல் இரைந்துகொண்டிருந்தால் காது திறந்ததும் அடுத்த அலை தயாராக இருக்கும். இப்படி எண்ணினால் நிமிடத்துக்கு நானூறுக்கு மேல் வரும். நிமிடத்துக்கு இருநூறைத் தாண்டினாலே ஆபத்து என்று கணக்குவைத்திருக்கும் கருவிக்கு இது சாவுத் தாளம். ஷாக்குக்கான மின்தேக்கியை நிரப்பத் தொடங்கும். நிரம்பச் சில நொடிகள் ஆகும். அதற்குள் கையை எடுத்துவிட்டால் பெரும்பாலான கருவிகள் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு ஷாக்கைக் கைவிடும். எடுக்காவிட்டால் அடிக்கும். அடிவாங்கியவர் "மோட்டார்ல கரண்ட் அடிச்சிடுச்சு" என்றுதான் சொல்வார். அடித்தது மோட்டார் அல்ல, நெஞ்சுக்குள் இருப்பது. மோட்டாரிலிருந்து வந்தது உணரக்கூட முடியாத அளவு.

2001இல் ஸ்பெயின் மருத்துவர்கள் வாஷிங் மெஷினின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஐசிடி இதயத் துடிதுடிப்பு என்று எடுத்துக்கொண்டதைப் பதிவுசெய்தார்கள். 2005இல் ஹாங்காங்கிலிருந்து மின்கசிவால் தேவையில்லாத ஷாக் வாங்கிய இருவரின் விவரம் வந்தது. அமெரிக்காவில் புத்தகக் கடை வாசலில் இருந்த திருட்டுத் தடுப்புக் கம்பத்தின் அருகே நின்ற ஒருவர் ஷாக் வாங்கிய 1998ஆம் ஆண்டுச் செய்திதான் இவற்றையெல்லாம்விடப் பிரபலம். அதில் ஒரு கடையும் கம்பமும் இருக்கின்றன; செய்தியாக எழுதச் சுலபம். எர்த் இல்லாத பிளக் யாரையும் எழுதத் தூண்டாது.

வைத்திக்குப்பம் போன்ற கடலோரத் தெருவில் அந்த எர்த்தின் கதை கொஞ்சம் கெட்டது. தரைக்குள் இறக்கிய இரும்புக் குழாய் மேல்மண்ணில் காய்ந்த மணலோடு நிற்கிறது. காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. குழியில் கரியும் உப்பும் போட்டுக் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதற்குத்தான். கீழே இறங்கினால் உவர்நீர், நல்ல கடத்தி, ஆனால் குழாயை அரிக்கும். மேலே உப்புக்காற்று கிளாம்ப்பையும் போல்ட்டையும் துருப்பிடிக்கவைக்கும். பச்சை ஒயர் பார்வைக்கு மாட்டியிருக்கும்; அதன் வழியே எதுவும் தரைக்குப் போகாது. இதற்கு மேல் மூணு பின் பிளக்கின் பெரிய பின்னை வெட்டிவிட்டு டூ பின்னில் செருகும் வழக்கம். மோட்டார் உடலில் கசிந்த மின்சாரத்துக்குத் தரைக்குப் போக ஒரே வழி, தொடுகிறவரின் உடம்புதான். மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 30 நவம்பர் 2024 அன்று இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படித் தண்ணீரில் மூழ்கி எழுந்த மோட்டாரின் சுருளுக்குள் ஈரம் இறங்கியிருக்கும். ஓடுகிறதே என்று போட்டால் கசியும்.

கடல் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னும் சில இடங்கள் உண்டு. பைபர் படகின் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இருந்தால் அது ஓடும்போது மூடியைத் திறந்து நெஞ்சைக் கொண்டுபோய் மேலே கவிழக் கூடாது. ஒரு அடிக்கு மேல் தள்ளி இருந்தால் சரி. வயர்லெஸ் செட்டில் பேசலாம், ஆனால் ஆன்டெனாவை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டாம். ஜிபிஎஸ் வெறுமனே வானிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வது, அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வெல்டிங்தான் சிக்கல். நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும் கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு வேலை செய்பவர்களைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பேஸ்மேக்கர் இருந்தால் அது கூடவே கூடாது.

வெல்டிங்கில் ஆம்பியரைவிட விட்டுவிட்டு அடிக்கும் தாளம் மோசமானது. நீண்ட நேரம் ஒரே சீராக இரையும் சத்தத்தைப் பேஸ்மேக்கர் அடையாளம் கண்டுவிடும். எந்த இதயமும் இப்படித் துடிக்காது, இது இரைச்சல் என்று முடிவுகட்டி, அந்த நேரத்துக்குப் பழைய காலத்துச் செவிட்டுக் கருவிபோல நிலையான வேகத்தில் துடிப்பு அனுப்பத் தொடங்கும். அதனால் ஆளுக்கு ஆபத்து குறைவு. ஆனால் தகட்டை நிலைநிறுத்த டக் டக்கென்று நொடிக்கு ஒரு பொட்டு வைத்தால் ஒவ்வொரு பொட்டும் ஒரு இதயத்துடிப்பு மாதிரியே கேட்கும். கருவி ஏமாந்து நின்றுவிடும். ஒரு பொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நொடிகள் விடச் சொல்வது இதனால்தான். லூஸ் காண்டாக்டில் பொறி பறக்கும் மோட்டார் சுவிட்சும் இதே இனம்.

இந்தத் தொழில் வேண்டாம் என்று மருத்துவர் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. எந்த வேலை, எவ்வளவு ஆம்பியர், கேபிள் எந்தப் பக்கம் போகிறது, ஆள் எந்த அளவுக்குக் கருவியை நம்பி இருக்கிறார் என்று கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும். இரண்டு முனையும் ஒயர்நுனியிலேயே இருக்கும் கருவி, பெட்டியையே ஒரு முனையாக வைத்துக் கேட்கும் பழைய வகையைவிட எத்தனையோ மடங்கு தைரியமானது. பிந்தையதில் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. எல்லாச் சத்தமும் அதில் விழும். வைத்திருப்பது எது என்பது மருத்துவமனை கொடுத்த அட்டையில் இருக்கும். அந்த அட்டை பீரோவில் புடவைக்கு அடியில் இருப்பதைவிடப் பர்ஸில் இருப்பது நல்லது.

ஏமாந்த கருவி நடந்ததை மறைப்பதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த கோரிமேட்டு ஜிப்மர் போன்ற இடத்தில், மார்பின் மேல் ஒரு வாசிப்பானை வைத்தால் கருவியின் நினைவிலிருக்கும் பதிவு திரையில் ஓடும். உண்மையான துடிதுடிப்பு ஒழுங்கில்லாமல் கிறுக்கியதுபோல இருக்கும். மின்கசிவோ சீப்பின் பற்கள் மாதிரி, 20 மில்லிநொடிக்கு ஒன்றாக, ஒரே அளவில் வரிசையாக நிற்கும். அந்தப் பற்களுக்கு நடுவே இதயம் தன் வழக்கமான வேகத்தில் துடித்துக்கொண்டிருப்பதும் தெரியும். பக்கத்தில் தேதியும் நேரமும் நிமிடம் வரை. அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள், கையில் என்ன தொட்டீர்கள் என்று மருத்துவர் கேட்பார்.

விடை மோட்டார் என்றால் கருவியில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் எதுவுமில்லை; காதின் கூர்மையைக் குறைத்தால் நிஜ ஆபத்து வரும்போது அது கேட்காமல் போகலாம். அடுத்து வர வேண்டியவர் எலக்ட்ரீஷியன். எர்த் குழாயின் கிளாம்ப்பைச் சுரண்டிப் பார்த்து மாற்றுவார், பிளக்குக்கு மூன்றாவது பின்னைத் திரும்பக் கொண்டுவருவார், பிறகு மெக்கர் என்ற மின்தடை அளவியை வைத்துச் சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவே அளப்பார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஏறவில்லை என்றால் காயில் கட்டக் கொடுத்துவிட வேண்டியதுதான்.